அறுபது டாலருக்கு வாங்கிய அம்பது புள்ளி

பதிவு போட்டு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. தீசிஸ், டிஏ வேலை, அது போக சொந்தமா சமைச்சுத் திங்கிற கொடுமைன்னு ஆணி கொஞ்சம் அதிகம். இப்பவும் குறையல. ஆனா போன வாரம் சாட்டுல ஒரு நண்பர் கேட்ட கேள்வியால இதை எழுதியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன்.

"மீன்பிடி போட்டிக்குப் போனியாமே, எத்தனை மீன் பிடிச்ச?"

"மூணு."

"எத்தனை நாள் ஏரில இருந்தீங்க?"

"நாலு நாள். முதல் மூணு நாளும் வேணும்னே மீன் பிடிக்கல."

அதுக்கு அவர் அனுப்பின சிரிப்பான்கள் ஒரு பக்கம் வரும். பிடிக்கத் தெரியாதவன் சொல்ற சாக்குனு நினைச்சுட்டார். சாக்கு இல்லைங்க. பாஸ் மீன் போட்டியில போட்டிக்கு முந்தின நாட்கள்தான் நிஜமான போட்டி, தராசுல மீனைப் போடுற நாள் வெறும் ரிசல்ட்டு என்பது என் கருத்து. அந்த முந்தின நாட்களை காசு குடுத்து வாங்க நினைச்சா என்ன ஆகும்னும் எனக்கு இப்போ தெரியும். தெரிஞ்சுக்க ஆன செலவு அறுபது டாலர். கூடவே இன்னொருத்தனோட கடைசி வாய்ப்பு. அது பின்னாடி வருது.

நான் எப்படி உள்ள வந்தேன்

நான் இருக்கிறது அமெரிக்காவோட தெற்குல, அலபாமா பக்கம். இங்க கல்லூரிகளுக்கு ஃபுட்பால் டீம் இருக்கிற மாதிரியே பாஸ் ஃபிஷிங் டீமும் இருக்கு. படகுக்கு ரெண்டு பேர். எங்க லேப்ல பக்கத்து மேசைக்காரன் அந்த டீம்ல இருக்கான். பேர் வேண்டாம், கேப்டன்னு வச்சுக்கலாம். அவனோட ஜோடி கையை முறிச்சுக்கிட்டு கட்டுப் போட்டுட்டு உட்கார்ந்துட்டான். சும்மா ரெண்டு தடவை வேடிக்கை பார்க்கப் போன என்னை "லைசன்ஸ் எடு, நீ வா"னு இழுத்துட்டான். மத்தவங்களுக்கெல்லாம் ஏற்கனவே ஜோடி இருந்ததுங்கிறதைத் தவிர எனக்கு வேற தகுதி எதுவும் கிடையாது.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. பாஸ்னா இங்க பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பெரிய வாய், பச்சை உடம்பு, பக்கவாட்டுல கறுப்புப் பட்டை. போட்டியில புழு, சின்ன மீன் மாதிரி உயிர் இரை எதுவும் போடக்கூடாது, செயற்கை இரை மட்டும்தான். ஒரு நாளைக்கு கணக்குல வர்றது அஞ்சு மீன். அஞ்சுக்கு மேல பிடிச்சா சின்னதை விட்டுட்டு பெருசை வச்சுக்கலாம். படகுலயே தண்ணித் தொட்டி இருக்கும். மீனை உயிரோட கொண்டு வந்து எடை போட்டு திரும்ப ஏரியில விடணும்.

இதை இப்படி ஒரு விளையாட்டா ஆக்கினவர் ரே ஸ்காட். மாண்ட்கோமெரிக்காரர், இன்சூரன்ஸ் விற்றவர். 1967-ல ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில நூறு பேருக்கு மேல சேர்த்து தலைக்கு நூறு டாலர் கட்டணம் வாங்கி முதல் போட்டியை நடத்தினார். மீனைக் கொல்லாம திரும்ப விடுற பழக்கத்தை 1972-லேர்ந்து பரப்பினதும் அவர்தான். 2022-ல இறந்தார். அவர் பத்தி இன்னொரு சுவாரசியமான விஷயம் இருக்கு. அதுவும் பின்னாடி.

எங்க தேடுறது?

எங்க போட்டி கண்டர்ஸ்வில் ஏரியில. டென்னஸி ஆத்துக்குக் குறுக்கே டிவிஏ கட்டி 1939-ல முடிச்ச அணை. ஏரியோட பரப்பு சுமார் 69,000 ஏக்கர், நீளம் 75 மைல். அலபாமாவுல இதை விடப் பெரிய ஏரி கிடையாது. பாஸ்மாஸ்டர் கிளாசிக்னு இந்த விளையாட்டோட உலகக்கோப்பை மாதிரி ஒண்ணு இருக்கு, அது 2014-லயும் 2020-லயும் இங்கதான் நடந்தது.

இப்போ கணக்குப் போடுங்க. 69,000 ஏக்கர். கையில ஒரே ஒரு நாள், எட்டு மணி நேரம். தண்ணியில பெரும்பகுதியில மீனே இருக்காது. இருக்கிற இடத்துலயும் எல்லா நேரமும் கடிக்காது. போட்டியன்னைக்கு காலையில போய் தேட ஆரம்பிச்சா மத்தியானம் சாண்ட்விச் சாப்பிட்டுட்டு திரும்ப வேண்டியதுதான். அதனாலதான் முன்கூட்டியே போய் நோட்டம் பார்க்கிறது. இங்க அதை பிராக்டிஸ்னு சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கல. பிராக்டிஸ்னா செஞ்ச வேலையையே திரும்பத் திரும்ப செய்யறது. இது வேற. எங்க ஊர்ல பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர் சத்தமில்லாம அந்தத் தெருப்பக்கம் போய்ட்டு வருவார் பாருங்க, அது :-)

முதல் நாள் (புதன்) காலையில கேப்டன் தூண்டிலையே எடுக்கல. மெதுவா, நடக்கிற வேகத்துல படகை ஓட்டிட்டே இருந்தான். பக்கவாட்டு சோனார்ல தரையைப் பார்க்கிறான். எங்க புல் இருக்கு, எங்க மணல், எங்க சிப்பி ஓடு, எங்க பழைய ஓடையோட பள்ளம். நான் ஒரு நோட்டுல தண்ணியோட வெப்பநிலை, நிறம், நேரம் எழுதிட்டு வந்தேன். நடு ஏரியில 52 டிகிரி. ஒரு கிளை ஓடைக்குள்ள பாதி தூரம் போனா 54. கடைசியில, கறுப்பு சேறு இருக்கிற ஆழமில்லாத இடத்துல 57. (ஃபாரன்ஹீட்டுங்க. இங்க எல்லாமே அப்படித்தான்.)

அந்த அஞ்சு டிகிரிதான் கதையே. மார்ச் மாசம் பாஸ் முட்டையிடத் தயாராகுற காலம். தண்ணி அறுபதைத் தாண்டினதும் ஆழமில்லாத இடத்துல ஆண் மீன் வாலால தரையைத் துடைச்சு குழி பண்ணும். அதுக்கு முன்னாடி ஆழத்துலேர்ந்து கரைப்பக்கம் மெல்ல மெல்ல நகரும். எல்லா வழியாவும் நகராது. பழைய ஓடைப் பள்ளம், கால்வாய் ஓரம் மாதிரி பாதையா பார்த்துப் போகும், நடுவுல நின்னு நின்னு போகும். அந்த நிற்கிற இடம் தெரிஞ்சா போதும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து குளத்துக்காரன். எங்க குளத்துல விரால் குஞ்சு பொரிச்சா செவப்பா ஒரு கூட்டம் தண்ணி மேல மொச மொசன்னு சுத்தும், கீழ தாய் தகப்பன் காவல் நிற்கும். அதைப் பார்த்தே விரால் எங்கன்னு பெரிசுங்க சொல்லும். பாஸும் அப்படித்தான், குழியையும் குஞ்சையும் ஆண் மீன் காவல் காக்கும். இதை கேப்டன்கிட்ட சொன்னப்ப அவன் படகை நிறுத்திட்டு அரை மணி நேரம் விரால் கதை கேட்டான். நாலு நாள்ல எனக்குக் கிடைச்ச ஒரே மரியாதை அது.

கொக்கியை மடக்குறது

ரெண்டாம் நாள் இரை போட ஆரம்பிச்சோம். அதுக்கு முன்னாடி கேப்டன் குறடை எடுத்து இரையில இருக்கிற கொக்கி முனையை எல்லாம் உள்பக்கமா மடக்கினான். எனக்குப் புரியல. மீன் மாட்டாதேடான்னா, மாட்டக் கூடாதுன்னுதான்னு சொன்னான்.

யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு நல்ல இடம் கண்டுபிடிச்சு அங்க இருக்கிற அஞ்சு பெரிய மீனையும் பிடிச்சு போட்டோ எடுத்து விட்டா நாளன்னிக்கு அதே மீன் அதே இரையைக் கடிக்குமா? வாய் புண்ணான மீன் ரெண்டு நாளைக்கு ஒதுங்கிப் போயிடும்ங்கிறது இங்க எல்லாரோட அனுபவம். அதனால கடி மட்டும் வேணும், மீன் வேணாம். உள்ள சின்ன குண்டு குலுங்குற தட்டையான இரையைப் புல்லுக்கு மேல இழுக்கிறது. புல்லுல சிக்கினா வெடுக்குனு இழுத்து விடுறது. அப்போ 'டக்'குனு ஒண்ணு கையில தெரியும். அவ்வளவுதான், குறிச்சுக்கிட்டு நகர்ந்துடணும்.

இது எவ்வளவு கஷ்டம்னு பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு கடி கிடைச்ச உடனே இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்னு கை பரபரங்கும். ஒரே ஒரு மீனோட மூஞ்சியைப் பார்த்தா தேவலைன்னு இருக்கும். கேப்டன் விடவே மாட்டான். "இருக்குன்னு தெரிஞ்சிடுச்சுல்ல, வா"ங்கிறதோட சரி.

சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த இடம் கிடைச்சது. ஒரு ஓடையோட உள்பக்கம். வரைபடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் சமதரைன்னுதான் காட்டுது. சோனார்ல மட்டும் ஒரு மெல்லிய பள்ளம் தெரிஞ்சுது. சுத்தி அஞ்சடி, பள்ளத்துல ஏழடி, ரெண்டு ஓரமும் புல். பதினஞ்சு தடவை போட்டதுல நாலு கடி. ஒண்ணு என் கையிலேர்ந்து தூண்டிலையே பிடுங்கிட்டுப் போற மாதிரி. கேப்டன் ஒண்ணும் பேசாம புள்ளி வச்சுட்டு படகைத் திருப்பிட்டான். அந்தப் பள்ளம் எங்க ஆரம்பிச்சு எங்க வளையுதுன்னு மறுநாள் காலையில பொறுமையா பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

நான் பண்ண காரியம்

இப்போ பாவமன்னிப்பு. போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி இணையத்துல ஒரு ஆள்கிட்டேர்ந்து அறுபது டாலருக்கு ஒரு கோப்பு வாங்கியிருந்தேன். கண்டர்ஸ்வில் ஏரி, மார்ச் மாசம், அம்பது இடம், ஜிபிஎஸ் புள்ளியோட. சோனார்ல ஏத்தினா அப்படியே வரைபடத்துல வந்து நிக்கும். எங்க போட்டி விதியில ஒரு தேதிக்கு அப்புறம் கைடு வச்சுக்கக் கூடாதுன்னு மட்டும்தான் இருந்தது. நான் வாங்கினது அந்தத் தேதிக்கு நாலு நாள் முன்னாடி. விதிப்படி சுத்தமோ சுத்தம்.

ஏன் வாங்கினேன்? நான் படிச்சு வந்த விதம் அப்படி. பத்தாவதுலேர்ந்து பி.இ. கடைசி செமஸ்டர் வரைக்கும் முந்தின வருஷக் கேள்வித்தாள், முக்கியமான கேள்விகள், ஜெராக்ஸ் கடை நோட்ஸ். அஞ்சு யூனிட்ல மூணு படிச்சா போதும்ங்கிற கணக்கு. உங்கள்ல எத்தனை பேர் அப்படிப் படிச்சீங்கன்னு கேட்க மாட்டேன், எல்லாரும் நல்லவங்க ;-) ஏரியையும் அப்படித்தான் பார்த்தேன். 69,000 ஏக்கர் சிலபஸ், யாரோ ஒருத்தர் அம்பது கேள்வியாச் சுருக்கிக் கொடுக்கிறார், வாங்கினா என்ன தப்பு?

ரெண்டு நாளா சொல்ல வாய் வரல. கேப்டன் வேலை செய்யற விதத்தைப் பார்க்கப் பார்க்க வெட்கமா இருந்தது. ஆனா வியாழக்கிழமை ராத்திரி மோட்டல்ல அவன் ஒண்ணு சொன்னான். இது அவனோட கடைசி செமஸ்டர். இந்தப் போட்டியில முன்னாடி வர்ற சில படகுகளுக்குத்தான் தேசிய அளவுல இடம். இதுல விட்டா இனி கல்லூரி ஜெர்சி போட முடியாது. சின்ன வயசுலேர்ந்து அவங்க அப்பாவும் அவனும் அதைப் பத்தியே பேசிட்டு இருந்திருக்காங்க. அதைக் கேட்டதும் மனசு கேட்காம கோப்பை எடுத்துக் காட்டிட்டேன்.

ரொம்ப நேரம் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இதெல்லாம் நிஜமா இருந்தா?"னு மட்டும் கேட்டான். நான் இருக்கும்டா, போய்ப் பார்க்கலாம்னு சொன்னேன். வற்புறுத்தினது நான்தான். அதை மறைக்கல.

வெள்ளிக்கிழமை பூரா அந்தப் பட்டியல். அம்பதுல பதினாலு இடம் பார்த்தோம். பொய் சொல்லக் கூடாது, மோசமான இடங்கள் இல்ல. நாலஞ்சு இடத்துல மீன் இருந்தது, கடியும் கிடைச்சது. எங்க பள்ளத்துக்குத் திரும்பி வந்தப்ப அரை மணி நேரம்தான் மிச்சம். அது எங்க வளையுதுன்னு பார்க்கவே இல்ல.

சனிக்கிழமை

காலையில பட்டியலோட முதல் இடத்துக்குப் போனா, ஏற்கனவே அஞ்சு படகு.

சரி பெரிய ஏரி, தற்செயல்னு ரெண்டாவது இடத்துக்குப் போனோம். மூணு படகு. மூணாவதுல ரெண்டு. அங்க பக்கத்துப் படகுல இருந்த பையன் எங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டே கேட்டான்: "நீங்களும் அந்த லிஸ்ட்டா?"

அந்த ஆள் எத்தனை பேருக்கு வித்தாரோ. எனக்கு மட்டும்னு அவர் சொல்லவும் இல்ல, நான் கேட்கவும் இல்ல. நாலு மணி நேரம் ஒவ்வொரு புள்ளியா அலைஞ்சோம். கிடைச்சது 15 அங்குலத்துக்குக் குறைவான குட்டிங்க மட்டும். இந்த ஏரியில அதை வச்சுக்கக் கூடாது.

எங்க பள்ளத்துக்கு வந்து சேர்ந்தப்ப மணி ஒண்ணரை. அங்க ஒரு படகு கூட இல்ல! முந்தின தடவை கடி கிடைச்ச இடத்துல ஒண்ணும் இல்ல. மீன் அந்தப் பள்ளத்துலயே வேற எங்கயோ தள்ளிப் போயிருக்கு. வெள்ளிக்கிழமை பார்த்திருக்க வேண்டியதை சனிக்கிழமை மத்தியானம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே தேடினோம். பள்ளம் வலப்பக்கம் வளையற இடம், வளைவோட உள் ஓரத்துல கொத்தா புல். கண்டுபிடிக்கும்போது கிளம்ப இருபத்தஞ்சு நிமிஷம்தான் பாக்கி. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல மூணு மீன், ஒண்ணு அஞ்சு பவுண்டுக்கு மேல. நாலாவது படகுப் பக்கத்துல வந்து வலைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நழுவிடுச்சு. வலை என் கையிலதான் இருந்தது. அதுக்கு மேல இருந்தா நேரம் தவறிடும், கிளம்பிட்டோம்.

மூணு மீனுக்கு பன்னெண்டு பவுண்டு சொச்சம். தகுதி பெற்ற கடைசிப் படகுக்கும் எங்களுக்கும் ரெண்டு பவுண்டு வித்தியாசம். அதாவது ஒரே ஒரு மீன்.

இப்போ கருத்து

இதை எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர்கிட்ட பேசினேன். எல்லாரும் சொன்னது, "விற்றவன் ஏமாத்திட்டான்". இல்லைங்க. இடங்கள் நிஜம். எனக்கு மட்டும் வித்திருந்தா ஒருவேளை ஜெயிச்சிருப்போம். ஜெயிச்சிருந்தாலும் இதே பதிவைத்தான் எழுதியிருக்கணும். ஆனா எழுதியிருப்பேனான்னு தெரியல, அதான் பயமா இருக்கு.

2022-ல ஈரி ஏரியில நடந்த வாலாய் மீன் போட்டியில ரெண்டு பேர் மீன் வயித்துக்குள்ள ஈயக்குண்டை வச்சு மாட்டிக்கிட்ட வீடியோ உங்கள்ல பலர் பார்த்திருப்பீங்க. அது அப்பட்டமான திருட்டு, அதுல விவாதமே இல்ல. நான் பண்ணது அந்த ரகம் இல்லைன்னுதான் என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். விதியில இல்லைன்னா தப்பில்லைன்னு. ஆனா இந்த விளையாட்டு எதை அளக்குதுன்னு கேட்டா, ஒரு பெரிய தண்ணியை ஒரு மனுஷன் தானா எவ்வளவு புரிஞ்சுக்கிறான்கிறதைத்தான் அளக்குது. தூண்டில் வீசுறது எல்லாரும் ஓரளவு வீசுவாங்க. படகும் இரையும் காசு இருந்தா கிடைக்கும். கண்டுபிடிக்கிறது ஒண்ணுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். அதையும் கடையில வாங்கினா அப்புறம் தராசுல எதை எடை போடுறோம்?

ரே ஸ்காட் கதை சொல்றேன்னேனே. 1971-ல முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் நடத்தினப்போ 24 பேரை விமானத்துல ஏத்தினார். எந்த ஏரின்னு யாருக்கும் தெரியாது. விமானம் மேல போன அப்புறம்தான் நெவாடாவுல மீட் ஏரின்னு சொன்னார். யாருக்கும் முன்கூட்டி நோட்டம் பார்க்கவோ உள்ளூர்க்காரங்ககிட்ட கேட்கவோ வழியே இல்ல. பாபி மர்ரேங்கிறவர் ஜெயிச்சு பத்தாயிரம் டாலர் வாங்கினார். அடுத்த சில வருஷங்களும் அதே மர்மப் பயணம்தான். மத்தவன் சொல்லிக் கொடுத்ததை வச்சு ஜெயிக்கிறது ஜெயிப்பு இல்லைங்கிற நினைப்பு ஆரம்பத்துலயே இருந்திருக்கு.

இப்பவும் பாஸ்மாஸ்டர் எலைட் தொடர்ல போட்டியாளர்கள் அந்த ஏரியைப் பத்தி மத்தவங்ககிட்ட தகவல் கேட்டு வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. எல்லாருக்கும் பொதுவாக் கிடைக்கிறதைப் பார்த்துக்கலாம். போட்டிக்கு முன்னாடி ஏரிக்குள்ளயே போகக் கூடாத காலம் ஒண்ணு, அதுக்கு அப்புறம் சில நாள் மட்டும் நோட்டம். கல்லூரிப் போட்டி, உள்ளூர்ப் போட்டி எல்லாத்துக்கும் இது வரணும்னுதான் நான் சொல்றேன். முக்கியமா காசு குடுத்து வாங்குற புள்ளிகளுக்கு.

எதிர்வாதம் இருக்கு, நியாயமான எதிர்வாதம். "உள்ளூர்க்காரன் சின்ன வயசுலேர்ந்து அந்த ஏரியில கிடக்கான். அவனுக்கு ஐநூறு இடம் தெரியும். வெளியூர்லேர்ந்து வர்றவன் அறுபது டாலர் குடுத்து அதுல கொஞ்சம் சரிக்கட்டினா என்ன?" வெளியூர் என்ன, வெளிநாட்டுக்காரனான எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒண்ணு. உள்ளூர்க்காரன் தெரிஞ்சு வச்சிருக்கிறது இடத்தை மட்டும் இல்ல, காரணத்தை. தண்ணி ஓரடி இறங்கினா, காத்து திசை மாறினா, மேல்பக்க அணையில டர்பைன் ஓடி தண்ணி இழுக்க ஆரம்பிச்சா மீன் எங்க நகரும்னு அவனுக்குத் தெரியும். என் பட்டியல்ல புள்ளி மட்டும்தான் இருந்தது, ஏன்னு ஒரு வரி கூட இல்ல. சரிக்கட்டணும்னா போட்டிக்கு ரொம்ப முன்னாடி ஒரு கைடைப் பிடிச்சு ஒரு நாள் கூடப் போய்க் கத்துக்கலாம். அது அந்த மனுஷனோட பிழைப்பு, அவர் எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லிக் கொடுப்பார். டியூஷனுக்கும் அவுட்டான கேள்வித்தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இன்னொண்ணு, கருவி. 2018-ல வந்த லைவ்ஸ்கோப் மாதிரி சோனார்ல படகுக்கு முன்னாடி நீந்துற மீனையே நேரடியா திரையில பார்க்கலாம். அது வந்த பிறகு நோட்டமே தேவையில்லைன்னு ஒரு கூட்டம். இது விளையாட்டே இல்ல, வீடியோ கேம்னு இன்னொரு கூட்டம். ஒரு லீக் 2024 சீசன்ல அதைத் தடையே பண்ணிடுச்சு. மேஜர் லீக் ஃபிஷிங் தன் பெரிய தொடர்ல 2025-லேர்ந்து ஒரு நாளோட மூணு பகுதியில ஒரு பகுதிக்கு மட்டும்னு குறைச்சுது. என் கருத்து, கருவி வேற, பட்டியல் வேற. கருவி எதைக் காட்டினாலும் 69,000 ஏக்கர்ல அதை எங்க கொண்டு போய் நிறுத்தறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பட்டியல் அந்த முடிவையே உங்ககிட்டேர்ந்து எடுத்துக்குது.

நீயா கண்டுபிடிச்ச இடத்தையும் ரொம்ப நம்பாதேங்கிறதும் இதுல ஒரு பாடம். 2014 கிளாசிக்ல இதே ஏரியில ராண்டி ஹவல் கடைசி நாள் காலையில பதினோராவது இடத்துல இருந்தார். போட்டு வச்சிருந்த திட்டத்தை விட்டுட்டு ஸ்பிரிங் க்ரீக் பாலத்தடிக்குப் போனார். அன்னைக்கு மட்டும் அஞ்சு மீன்ல 29 பவுண்டு 2 அவுன்ஸ், கோப்பையும் மூணு லட்சம் டாலரும் அவருக்கு. மெஷின் லேர்னிங் ஆளுங்களுக்கு சுருக்கமா சொன்னா, நோட்டம் பார்த்த நாள் டிரெய்னிங் டேட்டா, போட்டி நாள் டெஸ்ட் டேட்டா. புள்ளியை மனப்பாடம் பண்ணினா ஓவர்ஃபிட். ஏன் அங்க மீன் இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் மறுநாள் அது எங்க போயிருக்கும்னு சொல்ல முடியும். பாடத்துல இதை வச்சு பேப்பர் எழுதற நானே ஏரியில கோட்டை விட்டேன் பாருங்க.

திரும்பி வர்ற வழியில ரெண்டு மணி நேரம் கேப்டன் ஒண்ணுமே பேசல. நான் மூணு தடவை சாரி சொன்னேன். கடைசியில ஒரு பெட்ரோல் பங்க்ல காபி வாங்கிட்டு வந்து குடுத்துட்டு சொன்னான், "அந்த வளைவைக் கண்டுபிடிச்சது நம்ம ரெண்டு பேரும்தான். அது நம்மளோடது. அந்த அம்பதுல ஒண்ணாவது உனக்கு ஞாபகம் இருக்கா?"

யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணு கூட இல்ல. அந்தப் பள்ளம் மட்டும் ஏழடி ஆழத்தோட, வலப்பக்க வளைவோட, உள் ஓரத்துப் புல்லோட இப்பவும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அவன் மே மாசம் படிப்பை முடிச்சுட்டுப் போறான். கோப்பை அழிச்சுட்டேன். அடுத்த தடவை போட்டி விதி திருத்தறதுக்கு கருத்து கேட்கிறப்ப நான் எழுதி அனுப்பப் போறேன், நானே வாங்கினவன்னு சொல்லியே.

டிஸ்கி 1: பள்ளம் எந்த ஓடையிலன்னு யாரும் பின்னூட்டத்துல கேட்காதீங்க. இவ்வளவு எழுதின அப்புறமும் கேட்டா நான் அழுதுடுவேன் :-)

டிஸ்கி 2: "மீனை விட்டுட்டியா, குழம்பு வைக்கலையா"னு கேட்கப் போற அக்காமார்களுக்கு: அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டது முட்டை தோசை.